பெயின்ட்பால் துப்பாக்கிக்குக் கட்டை வேணுமா, வேண்டாமா?

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி புடுங்கற வேலை கொஞ்சம் கம்மி. அதனால ஒரு மாசமா மண்டையக் குடைஞ்சிட்டிருந்த விஷயத்தைப் பதிவாப் போட்டுடலாம்னு உக்காந்துட்டேன். அரசியல் கிடையாது, சினிமா விமர்சனம் கிடையாது. கொஞ்சம் பிசிக்ஸ் வரும், பயப்படாதீங்க.

விஷயம் இதுதான். என்கிட்ட ஒரு பெயின்ட்பால் மார்க்கர் இருக்கு. டிப்மேன் 98 கஸ்டம், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. நண்பன் ஒருத்தன் கிணத்துக்கடவு தாண்டி அவங்க தென்னந்தோப்புல ஒரு பகுதியை வேலி போட்டு, பழைய டயர், டிரம், மூட்டையெல்லாம் அடுக்கி ஆடுகளம் பண்ணி வச்சிருக்கான். மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை எங்க கும்பல் அங்க ஆஜர். இப்ப என் மார்க்கருக்குப் பின்னாடி, தோள்ல அழுத்திப் பிடிக்கறதுக்கு ஒரு கட்டை மாட்டலாமாங்கறதுதான் கேள்வி. ஸ்டாக்னு சொல்லுவாங்க. காலேஜ்ல என்.சி.சி.ல இருந்தவங்களுக்கு பட்னு சொன்னா சட்டுன்னு புரியும். பாயின்ட் டூ டூ ரைபிளைத் தோள்ல வச்சு, கன்னத்தைக் கட்டையில ஒட்டி, மூச்சைப் புடிச்சுச் சுட்டோமே, அந்தக் கட்டை.

"ஒரு கட்டைக்கு ஒரு பதிவா?"ன்னு கேக்கறீங்க. படிச்சு முடிச்சுட்டுத் திட்டுங்க.

முதல்ல, பெயின்ட்பால் ஆடாதவங்களுக்காக. உள்ள போறது ஜெலட்டின் உருண்டை. மாத்திரைக் கேப்சூல் மாதிரியே, உள்ளாற தண்ணியில கரையற சாயம். குறுக்களவு 0.68 அங்குலம், அதாவது சுமார் 17 மில்லிமீட்டர். எடை 3 கிராம் பக்கம். பின்னாடி கார்பன் டை ஆக்சைடோ, அழுத்தின காத்தோ அடைச்ச ஒரு சிலிண்டர். பொதுவா களங்கள்ல நொடிக்கு 300 அடிக்கு மேல வேகம் போகக்கூடாதுன்னு வச்சிருப்பாங்க. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி வேகமானியில அளந்துதான் உள்ள விடுவாங்க. நம்மூர்ல அளக்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா கார்பன் டை ஆக்சைடு வெயில்ல சும்மா இருக்காது. 31 டிகிரியைத் தாண்டினா சிலிண்டருக்குள்ள திரவம், வாயுங்கற வித்தியாசமே போயிடும், அழுத்தமும் எகிறும். காலையில 270 காட்டின மார்க்கர் சித்திரை மாச மத்தியானம் 300-ஐத் தாண்டிடும்.

இதைத் துப்பாக்கின்னு சொல்லாம ஏன் மார்க்கர்ங்கறாங்க? ஆரம்பத்துல இது மரத்துலயும் மாட்டுலயும் அடையாளம் போடறதுக்காக அமெரிக்காவுல செஞ்ச கருவி. வெட்ட வேண்டிய மரத்துல தூரத்துல இருந்தே பெயின்ட் அடிச்சுடலாம், ஓடற மாட்டு மேலயும் குறி போட்டுடலாம். நெல்சன் பெயின்ட் கம்பெனிக்காக டெய்ஸி கம்பெனி செஞ்ச நெல்ஸ்பாட் 007தான் அதுல பேர் போனது. நாம பட்டிப் பொங்கலுக்கு மாட்டைக் கட்டிப் புடிச்சு கொம்புக்குப் பெயின்ட் அடிக்கறோம், அவங்க எட்ட நின்னே அடிச்சிருக்காங்க, அவ்வளவுதான் :-)

1981 ஜூன் 27-ல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல ஹென்னிக்கர்ங்கற ஊர்க் காட்டுல 12 பேர் அந்த நெல்ஸ்பாட்டை வச்சு ஒரு பந்தயம் நடத்தினாங்க. சார்லஸ் கெய்ன்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்ஸி மூணு பேரும் சேர்ந்து போட்ட ஏற்பாடு. காட்டுக்குள்ள பிறந்து வளந்தவன் ஜெயிப்பானா, நகரத்துல பிழைக்கத் தெரிஞ்சவன் ஜெயிப்பானாங்கற வாக்குவாதத்துல ஆரம்பிச்சது. நாலு இடத்துல கொடி இருக்கும், நாலையும் எடுத்துட்டு வெளிய வரணும். ஜெயிச்சவர் ரிச்சி ஒயிட்னு ஒரு வனத்துறை ஆளு. மனுசன் ஒரு குண்டு கூடச் சுடலை. சத்தமில்லாம நடந்து போயி நாலு கொடியையும் எடுத்துட்டு வந்துட்டார். அவங்க கையில இருந்தது வெறும் கைத்துப்பாக்கி, ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டு. கட்டையாவது ஒண்ணாவது! இதை மனசுல வச்சுக்குங்க.

சரி, கட்டைக்கு வருவோம்.

நெஜத் துப்பாக்கிக்குக் கட்டை ரெண்டு வேலைக்கு. ஒண்ணு, உதையைத் தோள் வாங்கிக்கறது. ரெண்டு, கை ஆடாம இருக்கறது. முதல் வேலையை எடுத்துக்குவோம். நம்ம போலீஸ்காரங்க ரொம்ப வருசம் தோள்ல தூக்கிட்டு நின்ன .303 ரைபிள் இருக்கே, அதோட குண்டு சுமார் 11.3 கிராம், வேகம் நொடிக்கு 744 மீட்டர். ரெண்டையும் பெருக்கினா உந்தம் 8.4. பெயின்ட்பால் 3 கிராம், வேகம் 90 மீட்டர். உந்தம் 0.27. முப்பது மடங்குக்கு மேல வித்தியாசம். .303-ல வெடிமருந்துப் புகையோட உதை வேற தனி. என் டிப்மேன்ல சுடும்போது கையில தெரியற அதிர்வு பெரும்பாலும் உள்ள சுத்தியல் முன்னாடி பின்னாடி ஓடறதாலதான், குண்டு கிளம்பறதால இல்லை. ஆக, உதையைக் காரணம் காட்டிக் கட்டை கேக்க முடியாது.

இதை நான் கணக்குப் போட்டுக் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடியே கணபதியில ஒரு லேத் பட்டறை அண்ணன் ஒரே நிமிசத்துல கண்டுபுடிச்சுட்டார். வெளிநாட்டுல இருந்து கட்டை வரவழைக்கற செலவைப் பாத்துட்டு, நம்ம கோயமுத்தூர்ல இருந்துட்டு ஒரு அலுமினியத் துண்டுக்கு இவ்வளவு காசு குடுக்கறதான்னு ரோசம் வந்து, மார்க்கரைக் கழட்டிப் பையில போட்டுட்டு அவர்கிட்டப் போனேன்.

கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "என்ன தம்பி இது, பம்ப்செட் ஸ்பேரா?"ன்னார்.

"துப்பாக்கிங்ணா. பெயின்ட் குண்டு சுடறது. பின்னாடி ஒரு கட்டை வேணும்ங்ணா."

"உதைக்குமா?"

"உதைக்காதுங்ணா."

"அப்பறம் தோளு எதுக்குக் கண்ணு?"

"கை ஆடாம இருக்கறதுக்குங்ணா."

சிலிண்டரைக் காட்டினார். "இந்த உருளை பின்னாடி நீட்டிட்டுத்தான இருக்குது? இதையத் தோள்ல வெச்சா ஆகாதா?"

நான் பதில் சொல்லலை. அவரே பேசினார். "போட்டுத் தர்றது பெரிய காரியமில்லீங் தம்பி, அரை நாள் வேலை. எதுக்குன்னு தெளிவாச் சொன்னா அளவு கரெக்டா வரும். நீங்க வீட்டுக்குப் போயி ரோசனை பண்ணீட்டு வாங்க."

அவர் கேட்டது சரியான கேள்வி. மார்க்கரோட கைப்பிடிக்கு அடியில சிலிண்டர் மாட்டறோம். அது பின்பக்கமா சாஞ்சு நீட்டிட்டிருக்கும். ஆடறவங்க பெரும்பாலும் அந்தச் சிலிண்டரோட அடியைத்தான் தோள்லயோ நெஞ்சுலயோ பதிச்சுக்குவாங்க. அதாவது பெயின்ட்பால் மார்க்கருக்கு ஏற்கனவே ஒரு கட்டை இருக்கு. இன்னொரு கட்டை மாட்டினா ரெண்டும் ஒரே தோளுக்குச் சண்டை போடும். அந்தச் சண்டையைத் தீக்கணும்னா சிலிண்டரைக் கழட்டி முதுகுப் பையில போட்டுட்டு, அங்கிருந்து சுருள் குழாய் வழியா மார்க்கருக்குக் காத்து கொண்டு வரணும். ரிமோட் லைன்னு பேரு. ஆக நான் வாங்கப் போறது ஒரு கட்டை இல்லை. கட்டை, குழாய், பை, மூணு உருப்படி.

அடுத்து கன்னம். என்.சி.சி.ல கத்துக்கிட்டது என்ன? கன்னம் கட்டையில ஒட்டணும், கண்ணு குறிக்கு நேரா வரணும். பெயின்ட்பால்ல முகத்துல மாஸ்க் இருக்கு. காது, தாடை வரைக்கும் மூடற கனமான மாஸ்க். தாடைப் பகுதி போயி கட்டையில இடிச்சு நின்னுடும், கண்ணு குழாய்க்கு நேரா எறங்கவே எறங்காது. அதுக்காகவே கீழ்ப்பக்கம் இறக்கி வளைச்ச கட்டைகளும், உயரத்துல மாட்டற குறிகளும் விக்கறாங்க. இல்லைன்னா மாஸ்க்கைக் கழட்டணும். அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 3 கிராம், நொடிக்கு 91 மீட்டர்னா கிட்டத்தட்ட 12.5 ஜூல். ஒரு கிலோ கல்லை ஒண்ணேகால் மீட்டர் உயரத்துல இருந்து போட்டா என்ன சக்தியோ அது, ஒரு கோலிக்குண்டு சைஸ்ல. கண்ணுல பட்டா பார்வை போயிடும். களத்துக்குள்ள மாஸ்க் கழட்டினவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான் எங்க தோப்புக்காரன். அதுல சொந்தம், பந்தம் எதுவும் பாக்க மாட்டான்.

சரி, ரெண்டாவது வேலை. கை ஆடாம இருக்கறது. இங்கதான் கட்டைக்காரங்க பக்கம் நியாயம் இருக்கு. 25 மீட்டர் தூரத்துல ஒரே ஒரு டிகிரி கை ஆடினா குறி 44 சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும். டிரம்முக்குப் பின்னாடி எட்டிப் பாக்கற மண்டையே அவ்வளவு அகலம் கிடையாது. ரெண்டு கை மட்டும் பிடிச்சா ரெண்டு புள்ளி, தோளும் சேந்தா மூணு. முக்காலி ஆடாது, எல்லாருக்கும் தெரியும்.

ஆனா கேள்வி, தோளே இல்லாததுக்கும் கட்டைக்கும் நடுவுல இல்லையே. சிலிண்டருக்கும் கட்டைக்கும் நடுவுலதான். அதனால ஒரு ஞாயித்துக்கிழமை கார்த்தியோட கட்டையை இரவல் வாங்கி சோதனை போட்டேன். கார்த்தி எங்க டீம்ல ராணுவப் பைத்தியம். பூட்ஸ்ல இருந்து தொப்பி வரைக்கும் பச்சை. 25 மீட்டர்ல ஒரு அட்டைப்பெட்டி. முதல்ல மார்க்கரை மணல் மூட்டை மேல பதிச்சு, ஆடாம வச்சுச் சுட்டேன். அப்பவே குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவி விழுந்துச்சு. குழாய்க்குள்ள ரைபிள் மாதிரி மரை கிடையாது, உருண்டையில ஒட்டுத் தையல் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு இம்மி பெருசு சிறுசு. மனுசக் கை சேராமலே இவ்வளவு பரவல். அடுத்து சிலிண்டரைத் தோள்ல வச்சு. அடுத்து கட்டையை வச்சு. ரெண்டுக்கும் பரவல்ல என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியலை. ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும். மார்க்கரைத் தூக்கி, ஒரே இடத்துல பதிச்சு, உடனே அடுத்தடுத்து சுடறதுக்குக் கட்டை வசதியா இருந்துச்சு. சிலிண்டர் வழவழன்னு வழுக்கும், கட்டை வழுக்காது.

இது பத்தாதுன்னு எங்க கிணத்துக்கடவுக் காத்து வேற. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில அடிக்கற காத்து பத்திச் சொல்லவே வேண்டாம். அந்தக் காத்தை நம்பித்தான் உடுமலை, பல்லடம் வரைக்கும் காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. ராத்திரி உக்காந்து சின்னதா ஒரு ப்ரோக்ராம் எழுதிப் பாத்தேன். நொடிக்கு 90 மீட்டர்ல கிளம்பற உருண்டை 25 மீட்டர் போறதுக்குள்ள காத்துத் தடையால 50 மீட்டர் சொச்சத்துக்கு வந்துடுது. அதுக்குள்ள அரை மீட்டருக்கு மேல கீழ எறங்கிடுது. பக்கவாட்டுல மணிக்கு 18 கிலோமீட்டர் காத்து அடிச்சா அரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா ஒதுங்கிடுது. ஆடிக் காத்துல இதை விட மோசம். பொட்டு வைக்கற மாதிரி குறி பாத்து என்ன பிரயோஜனம்? முதல் குண்டு எங்க விழுதுன்னு பாத்து ரெண்டாவதைத் திருத்திச் சுடறதுதான் இந்த ஆட்டம்.

இன்னொரு விஷயம், நீளம். டயருக்குப் பின்னாடி ஒடுங்கி உக்காந்துட்டு வலது பக்கம் எட்டிச் சுடுவோம், அடுத்த நொடி இடது பக்கம். அப்ப மார்க்கரை இடது தோளுக்கு மாத்தணும். கட்டை இருந்தா அது ஒரு வேலை. தோப்புல ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் இருபத்தஞ்சு அடி இருக்கு, அங்க கட்டையோட நடக்கறதுல சிரமமில்லை. டயர் நடுவுல நெளியறதுதான் கஷ்டம். நான் ஆடறது பெரும்பாலும் டயர் பக்கம்.

இது வரைக்கும் பாத்தா லாப நஷ்டக் கணக்கு. கட்டை பெருசா எதையும் குடுக்கலை, பெருசா எதையும் எடுக்கவும் இல்லை. கையில காசு இருந்தா மாட்டிட்டுப் போகலாம். எனக்கு முடிவு பண்ண உதவினது இது எதுவும் இல்லை.

இரவல் கட்டையை மாட்டின மார்க்கரோட அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். துடைக்கறதுக்காக ஹால்ல வச்சிருந்தேன். மூணு வருசமா இதே மார்க்கர் இதே வீட்டுல இருக்கு, அம்மா ஒரு நாளும் அதைச் சட்டை பண்ணதில்லை. "உம்பட பெயின்ட் மிசினை எடுத்து அக்கட்டால வை, கூட்டோணும்"னுதான் சொல்லுவாங்க. அன்னிக்குக் கதவுக்கிட்டயே நின்னுட்டாங்க. "என்ன சாமி இது?"ன்னாங்க. குரலே வேற மாதிரி இருந்துச்சு.

அதே மார்க்கர்தாம்மான்னு சொல்லிக் கட்டையைக் கழட்டிக் காட்டினேன். சிரிக்கலை.

1998 பிப்ரவரி 14 அன்னிக்கு நான் கைக்குழந்தை. கோயமுத்தூர் தொடர் குண்டு வெடிப்புல 58 பேர் செத்தாங்க. எனக்கு அது படிச்ச வரலாறு. அம்மாவுக்கு அப்படி இல்லை. அன்னிக்கு அப்பா டவுனுக்குப் போயிருந்தார், ராத்திரி வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. செல்போன் இல்லாத காலம். என்னை இடுப்புல வச்சுட்டு வாசல்லயே நின்னாங்களாம். அதுக்கப்பறம் பஸ்ல ஆளில்லாம ஒரு பை கெடந்தா எறங்கிடற பழக்கம் வந்துச்சு. இன்னிக்கும் அப்படித்தான். 2022 அக்டோபர் 23 அன்னிக்கு, தீபாவளிக்கு முந்தின நாள், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில்கிட்ட கார் வெடிச்சப்ப, நான் ஆபீஸ் லேப்டாப்போட வீட்டுலயேதான் இருந்தேன். இருந்தும் ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒவ்வொருத்தரா போன் போட்டு, எடுத்தவங்க பேரை எண்ணிட்டு உக்காந்திருந்தாங்க.

நான் தோப்புக்குப் போற வழியே உக்கடம்தான். உக்கடம், சுந்தராபுரம், ஈச்சனாரி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு. மார்க்கரைக் கட்டையில்லாம பையில வச்சா லேத் பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி பம்ப்செட் ஸ்பேர். எந்த போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டாலும் திறந்து காட்டி, சாய உருண்டையை ஒண்ணு உடைச்சுக் காட்டினா முடிஞ்சுது. கட்டை மாட்டிட்டா, பத்தடி தூரத்துல இருந்து பாக்கற யாருக்கும் அது துப்பாக்கி. சாயமா தோட்டாவான்னு யாரும் யோசிச்சு முடிவு பண்ண மாட்டாங்க.

கட்டைக்கு இப்படி ஒரு குணம் ரொம்ப நாளா இருக்கு. 1896-ல வந்த மவுசர் கைத்துப்பாக்கி ஒண்ணு உண்டு, சி96. அதோட மரப்பெட்டி உறையையே பின்னாடி மாட்டினா தோள்கட்டை ஆயிடும். ரெண்டு நொடியில கைத்துப்பாக்கி ரைபிளா மாறிடும். அமெரிக்காவுல 1934-ல போட்ட துப்பாக்கிச் சட்டத்துல, குழாய் 16 அங்குலத்துக்குக் கம்மியா இருக்கற சாதாரணக் கைத்துப்பாக்கிக்கு ஒரு தோள்கட்டை மாட்டினா, அது தனியாப் பதிவு பண்ண வேண்டிய வேற ஆயுதம். குழாய், தோட்டா எதுவும் மாறலை, மாட்டினது ஒரு கட்டை மட்டும். பெயின்ட்பால் மார்க்கர் வெடிமருந்துல ஓடாததால அந்தச் சட்டம் இதைத் தொடாது. இருந்தாலும் ஒரு கட்டை பொருளோட பேரையே மாத்திடும்னு அந்த ஊர்ச் சட்டமே ஒத்துக்குதில்ல.

கார்த்திகிட்ட இதைச் சொன்னேன். "மாப்ள, களத்துக்குள்ள மாட்டிக்கோ, வெளிய வரும்போது கழட்டிக்கோ. இதுக்கெதுக்கு இவ்வளவு சீன்?"ன்னான். நியாயமான பேச்சு. அவன் அப்படித்தான் பண்றான். கார்ல பூட்டுப் போட்ட பெட்டியில கொண்டு போறான், தோப்புலதான் மாட்டறான். அவனுக்கு அந்தத் தோற்றமே பாதி சந்தோசம். காட்டுக்குள்ள பதுங்கிப் போகும்போது தான் ஒரு ஜவான்னு நினைச்சுக்கறான். யாருக்கும் கெடுதல் இல்லாத ஆசை, நான் குறை சொல்லலை. எனக்கு அந்த ஆசை இருக்கான்னு பாத்தேன். எனக்குப் பிடிச்சது ரிச்சி ஒயிட் ஆட்டம். சத்தமில்லாம நகர்றது, எதிராளி திரும்பும்போது கொடி இருந்த எடம் காலியா இருக்கறது. அந்த ஆட்டத்துக்கு முழங்கை முட்டியிலதான் தெம்பு வேணும். மாசம் ரெண்டு நாள் கழட்டி மாட்டற பொருளை நான் மத்த 28 நாளும் வீட்டுல எங்க வைப்பேன்? அதே ஹால் பீரோவுலதான். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அம்மா கண்ணுல படும்.

ஆக, கட்டை வேண்டாம்னு முடிவு. கார்த்தியோட கட்டையை அவன்கிட்டயே திருப்பிக் குடுத்தாச்சு. ஒதுக்கி வச்ச காசுல, ஆவி படியாத ரெட்டைக் கண்ணாடி போட்ட நல்ல மாஸ்க் ஒண்ணு வாங்கிட்டேன். சிலிண்டரோட அடியில வழுக்காம இருக்க சைக்கிள் டியூப்பை வெட்டி ஒரு உறை மாதிரி ஏத்திட்டேன். கட்டையில நான் பாத்த ஒரே நிஜமான வசதி அந்த வழுக்காததுதான், அது ஓசியிலேயே கிடைச்சுடுச்சு. லேத் பட்டறை அண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன். "அதான தம்பி"ன்னுட்டு வேலையைப் பாக்கப் போயிட்டார்.

உங்க ஊர்ல பெயின்ட்பால் ஆடறவங்க யாராவது இருந்தா, நீங்க கட்டையோடவா, கட்டையில்லாமலான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. முக்கியமா, மாஸ்க் போட்டுட்டுக் குறிக்கு நேரா கண்ணைக் கொண்டு வர வழி தெரிஞ்சவங்க இருந்தா கார்த்திக்குச் சொல்லணும், பாவம் அவன் கழுத்து வலிக்குது.

பி.கு: மார்க்கரைப் பையில வைக்கும்போது சிலிண்டரைத் தனியாக் கழட்டி, உள்ள தங்கின காத்தை வெளிய விட்டு, குழாய் வாயில உறையை மாட்டிட்டு வைங்க. கட்டை இருந்தாலும் இல்லாட்டியும் இது கட்டாயம்.